வண்டிக்குள்ள எந்திரிக்கக்கூடாது

ஏனுங்க சார், கையில வெச்சிருக்கறது மஞ்சக் காய்ச்சல் ஊசிப் புத்தகந்தானுங்க? அட்டையப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். என்றகிட்டயும் ஒண்ணு கெடக்குது, பீரோவுல. எந்த நாட்டுக்குங்க? கென்யாவா? சம்சாரத்தோடயா! மிருகம் பாக்கத்தான? சித்தெ நகருங்க, பையை மேல போட்டுப்போட்டு உக்கார்றேன். நான் இந்தப் பஸ்ஸுல திருச்செங்கோடு வரைக்கும் வர்றேன். போயிட்டு வந்தவனே பக்கத்து சீட்டுல வந்து உக்காந்து சொல்றதுக்கு எத்தன பேருக்குக் குடுத்து வெச்சிருக்குது சொல்லுங்க.

என்ற பேரு தெய்வசிகாமணி. மேட்டுப்பாளையத்துக்கு மேக்க, மலையடிவாரத்துல வாழத்தோட்டம். என்ற சம்சாரம் மரகதம் திருச்செங்கோட்டுல அவ அப்பன் ஊட்டுல இருக்கறா. கூட்டிட்டு வரத்தான் போறேன். ஏழு மாசமாச்சுங்க. ரெண்டு தரம் போனேன், ரெண்டு தரமும் வாசலோட அனுப்பிப்போட்டாங்க. இது மூணாவது. இந்தத் தரம் சரிப்படலைன்னா இனி வரவே வேண்டாம்னு மாமனாரு போன்லயே சொல்லிப்போட்டாரு. முப்பத்திரண்டு வருசம் ஒண்ணாக் குடும்பம் பண்ணினவ சார். எல்லாம் அந்த ஆப்பிரிக்காவுல கெட்டுது.

பயந்துக்காதீங்க. போக வேண்டாம்னு சொல்லல. சாக்கிரதையாப் போங்கன்னு சொல்றேன்.

மொதல்ல ஒடம்பு. ஊசி போட்டாச்சு, சரி. அந்தப் புத்தகத்தத் தொலைச்சுப்போடாதீங்க, அது இல்லாட்டி ஏர்போர்ட்டுலயே நிறுத்திருவான். மலேரியா மாத்திரை குடுத்தாங்களா? போறதுக்கு முன்னாலயே ஆரம்பிக்கோணும், திரும்பி வந்த பொறவும் முழுங்கோணும், நடுவுல நிறுத்தக்கூடாது. நான் ரெண்டு நாள் முழுங்கினேன், குமட்டிட்டு வந்துச்சு, தூக்கி வீசிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலைங்க. ஆனா நீங்க முழுங்குங்க, என்ற ஒடம்பு வேற. தண்ணி, நீங்களா மூடியத் திருகித் தொறக்கற பாட்டில்ல இருந்துதான் குடிக்கோணும். ஐஸ் போட்டு எதக் குடுத்தாலும் வேண்டாம்னுருங்க. அப்பறம் துணி. நீலமும் கருப்பும் எடுத்துட்டுப் போகாதீங்க. அங்க ஒரு ஈ இருக்குது, நம்ம மாட்டு ஈயாட்டம், கடிச்சா சட்டையத் தாண்டி ரத்தம் வந்துரும். நீலத்தக் கண்டாத் தேடிவந்து கடிக்குமாம். டிரைவரு மொத நாளே சொன்னான். நான் போட்டிருந்தது கருநீலச் சட்டை. டிரைவரு சொல்லி நான் சட்டைய மாத்தறதா? மாத்தல. சாயங்காலத்துக்குள்ள முதுகெல்லாம் தடிச்சுப்போச்சு. ஈயக் கொல்றதுக்கு என்ற முதுகுல மரகதத்த அடிக்கச் சொன்னேன், அவ தடவறாப்புல அடிக்கறா. அடிக்கக்கூடத் தெரியாதுங்க அவளுக்கு.

டேய், ஏய், முன் சீட்டு! அந்தச் செல்லு சத்தத்தக் கொறைடா. எந்திரிச்சு வந்தேன்னா செல்லு ஒரு பக்கம் பல்லு ஒரு பக்கம் போயிரும்.

கொறைச்சுட்டான் பாத்தீங்களா? இதான் சார். அடியாத மாடு படியாது. எல்லாத்துக்கும் ஒரு சத்தம் வெக்கோணும். எனக்குக் கோவம் சாஸ்தின்னு எல்லாரும் சொல்லுவாங்க. கோவம் இருக்கற எடத்துலதான் கொணம் இருக்கும்னும் சொல்லுவாங்கல்ல.

எங்க உட்டேன்? எப்படிப் போனோம்னே சொல்லல. மரகதத்துக்கு ஒரே தம்பி, நந்தகோபாலு. திருச்செங்கோடுன்னா போர்வெல் வண்டின்னு உங்களுக்குத் தெரியுமல்லொ. இவிய ஊருக்காரங்க போகாத நாடில்லை. நந்தகோபாலு பத்து வருசமாக் கென்யாவுல போர் வண்டியோட இருந்தவரு. எறநூறு அடி, முந்நூறு அடி, கல்லு பாறை எதுன்னாலும் ஓட்டை போட்டுத் தண்ணி எடுத்துக் குடுத்துருவாரு. கண்ணாலம் பண்ணிக்கல. அக்கான்னா உசுரு. "அக்கா ஒரு தரமாச்சும் வாக்கா, மாமாவையும் கூட்டிட்டு வா, சிங்கம் காட்டறேன்"னு வருசா வருசம் கூப்புடுவாரு. சரின்னு போன வருசம் போனோம்.

அவரே வண்டி பிடிச்சாரு. கூரையத் தூக்கி நிறுத்துவாங்களே, அந்த மாதிரிப் பெரிய ஜீப்பு. டிரைவரு பேரு முட்டீசோ. காட்டுக்குள்ள ஓட்டறதுக்குத் தனியா லைசென்சு வெச்சிருக்கறவன். அம்பது வயசிருக்கும், ஆளு பேசவே மாட்டான். ஏறி உக்காந்ததும் நாலே நாலு சொன்னான், நந்தகோபாலு எங்களுக்குத் தமிழ்ல சொன்னாரு. கீழ எறங்கக்கூடாது. கைகாலு வெளிய நீட்டக்கூடாது. மிருகம் பக்கத்துல இருக்கறப்ப வண்டிக்குள்ள எந்திரிக்கக்கூடாது. கிம்யான்னா கம்முனு இருக்கோணும். கிம்யான்னா அவிய பாசையில சத்தம் போடாதேன்னு அர்த்தமாம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இஸ்கோலுப் பசங்களுக்குச் சொல்றாப்புலச் சொல்றானேன்னு.

மொத நாளு சிங்கம் பாத்தோம். சும்மா படுத்துக் கெடக்கற சிங்கமில்லைங்க, வேட்டை. மூணு பொட்டச் சிங்கம், ஒரு காட்டெருமை. நம்மூரு எருமையக் கணக்குல எடுத்துக்காதீங்க, அது ஒரு டிராக்டராட்டம் இருக்குது. ஒண்ணு அதோட மூக்கையும் வாயையும் ஒண்ணாச் சேத்துக் கவ்விக்கிச்சு, மூச்சு உட முடியாம. ஒண்ணு முதுகுல ஏறிக்கிச்சு. இன்னொண்ணு பின்னங்காலுக்கு நடுவுல வாய வெச்சுக் கிழிக்க ஆரம்பிச்சுருச்சு. உசுரு இருக்கறப்பவேங்க. குடலு வெளிய வந்து தரையில இழுவுது, எருமை நின்னுட்டே இருக்குது. சத்தமே இல்லை. எப்படிச் சத்தம் வரும், வாயே சிங்கத்து வாய்க்குள்ள இருக்குது. இருவது நிமிசம் பிடிச்சுது உழுகறதுக்கு. நான் கண்ண எடுக்கலைங்க.

மரகதம் மூஞ்சிய மூடிக்கிட்டா. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. "இத்தன தூரம் ஏரோப்ளேன் ஏறி வந்தது எதுக்குடீ, பாரு"ன்னு அவ ரெண்டு கையையும் புடிச்சு எறக்கி உட்டேன். எறக்கி உட்டாக் கண்ண மூடிக்கறா. தாடையப் புடிச்சுத் திருப்பினேன். பின்னால இருந்து நந்தகோபாலு, "மாமா, அக்காவ உடுங்க"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. நான் உட்டுட்டேன். மச்சினன் செலவுல போயிருக்கறோம், எதுக்கு வம்பு. டிரைவரு கண்ணாடி வழியா என்னப் பாத்துட்டே இருந்தான். உன்ற சோலியப் பாருடான்னேன். தமிழ் தெரியாதல்லொ, சும்மாத் தலைய ஆட்டினான்.

ரெண்டாவது நாளுதான் ஆனை.

இதச் சித்தெ கவனமாக் கேளுங்க, உங்களுக்கு உபயோகப்படும். ஆனையப் பத்தி எனக்கு ஆரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை. எங்க தோட்டத்துக்கு வருசத்துல அஞ்சாறு தரம் எறங்கும். ஒரே எறங்கு எறங்கினா முந்நூறு வாழை போச்சு. தகர டின்னத் தட்டி, வெடி போட்டு, நாலு பேரு சேந்து கத்தினாத் திரும்பிப் போயிரும். இருவது வருசமாத் தொரத்திட்டு இருக்கறவன் நானு. ஒரு கொம்பன் நேருக்கு நேரா வந்தப்ப எரியற பந்தத்த அது தும்பிக்கை மேலயே வீசினேன். கத்திக்கிட்டு ஓடுச்சு. ஆனை பெருசுதான் சார், ஆனா சத்தத்துக்குப் பயந்த சாதி. இது எங்க பக்கம் சின்னக் கொழந்தைக்கும் தெரியும்.

பதினோரு மணி வெயிலு. தடத்துக்குக் குறுக்க ஒத்தை ஆனை நின்னுட்டிருக்குது. அப்பா, அது ஆனையில்லை சார், ஊடு. காதே நம்ம ரெண்டு கட்டிலு சேத்துப் போட்டாப்புல இருந்துச்சு. கன்னத்துல மதநீரு ஒழுகி வாய் வரைக்கும் வந்திருக்குது. பின்னங்காலெல்லாம் மூத்திரமாச் சொட்டுது. முட்டீசோ தூரத்துலயே வண்டிய நிறுத்தினான். "மதத்துல இருக்குது, அதா நகர்ற வரைக்கும் நாம நகரக்கூடாது"ன்னானாம். கிம்யான்னான். சரின்னு உக்காந்தோம். அஞ்சு நிமிசம், பத்து நிமிசம், அரை மணி நேரம். ஆனை ஒரு காலத் தூக்கி வெக்கறதும், எடுக்கறதும். எனக்குச் சக்கரை இருக்குது சார், ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வருது. எறங்கக்கூடாது. முக்கா மணி நேரம். வண்டிக்குள்ள அடுப்பாட்டம் கொதிக்குது. ஒரு மனுசன் எத்தன நேரந்தான் பொறுப்பான்?

மரகதம் தூக்குப்போசியில புளிச்சோறு கட்டிட்டு வந்திருந்தா. எங்க போனாலும் அவளுக்கு அது வேணும். நான் மூடியக் கழட்டினேன். மூடியால போசி மேல ஒரு போடு போட்டேன், டங்குன்னு. "ஏய், போ சாமீ, போ!"ன்னு எங்க தோட்டத்துல கத்தறாப்புலக் கத்தினேன்.

ஆனை காத விரிச்சுது. பெருசாப் பிளிறிக்கிட்டு பாதித் தூரம் ஓடி வந்துச்சு. புழுதி எங்க மூஞ்சில அடிச்சுது. வந்துட்டுப் பொசுக்குன்னு நின்னுருச்சு.

நின்னுருச்சா இல்லையா! நான் சொன்னது சரியாப் போச்சல்லொ! பயந்துக்கிச்சு சார். முட்டீசோ திரும்பிக் கையக் கூப்பறான், கிம்யா கிம்யாங்கறான். இது சும்மா மெரட்டறது, அடுத்தது நெசமா வரும், அசையாதீங்கன்னு சொன்னானாம். அவனுக்கு அவன் வேலை. எனக்கு இருவது வருச அனுபவம். இன்னும் ரெண்டு போடு போட்டாத் திரும்பிரும்னு தோணுச்சு. போட்டேன்.

அப்பத்தான் இந்த நந்தகோபாலு எதுக்கோ எந்திரிச்சாரு. எதுக்கு எந்திரிச்சாருன்னு என்னைக் கேக்காதீங்க. எந்திரிச்சாரு, வண்டி ஆடுச்சு, அவரு முதுகு போய்க் கதவுல இடிச்சுது, கதவு எப்படியோ தொறந்துக்கிச்சு, மனுசன் வெளிய உழுந்துட்டாரு.

ஆனை இப்பச் சத்தமே போடல. காத ஒட்ட வெச்சுக்கிட்டு, தும்பிக்கையச் சுருட்டி உள்ள வெச்சுக்கிட்டு, தலையத் தாழ்த்திக்கிட்டு வந்துச்சு பாருங்க. இடி உழுந்தாப்புல வண்டியில மோதுச்சு. ஒரு கொம்பு கதவுத் தகரத்தக் கிழிச்சுட்டு உள்ள வந்து என்ற தொடைக்கு ஒரு சாண் தள்ளி நின்னுச்சு. கொம்புல புல்லு ஒட்டிட்டிருந்ததுகூட எனக்குக் கண்ணுல நிக்குது. அப்படியே வண்டியத் தள்ளிக்கிட்டே போகுது. வண்டி சாஞ்சு, அந்தப் பக்கம் உழுந்து கெடந்த நந்தகோபாலு காலு மேல ஏறுது. அந்தச் சத்தம். ஏனுங்க, நீங்க கரும்பு மிசின் பாத்திருக்கீங்களா? வேண்டாம் உடுங்க. "அக்கா"ன்னுதான் கத்தினாரு. எலும்பு நொறுங்கற மனுசன் அம்மான்னு கத்துவான், ஆண்டவனேன்னு கத்துவான். இவரு "அக்கா, அக்கா"ங்கறாரு.

நான் முட்டீசோவப் பின்னால இருந்து அடிச்சேன். வண்டிய எடுடா எடுடான்னு தலையிலயும் முதுகுலயும் அடிச்சேன். எப்படி எடுப்பான், எடுத்தாக் காலு மேல இன்னும் ஏறும். அதெல்லாம் அப்பத் தோணல. அவன் என்ற கையத் தட்டி உட்டுட்டு அந்தப் பக்கத்துக் கதவத் தொறந்து எறங்கினான். தொப்பியச் சுத்திக்கிட்டுக் கத்திக்கிட்டே ஓடினான். ஆனை வண்டிய உட்டுட்டு அவன் பின்னால போச்சு. ஒரு பெரிய புத்துக்குப் பின்னால பாஞ்சான். தும்பிக்கையால ஒரு வீசு வீசுச்சு, ஆளு தூரப் போய் உழுந்தான். அதுக்குள்ள இன்னொரு வண்டி வந்து, காவலருங்க வானத்தப் பாத்து ஏழெட்டுத் தரம் சுட்டாங்க. ஆனை போயிருச்சு.

முட்டீசோவுக்கு வெலா எலும்பு மூணு போச்சாம். அப்படியே நொண்டிக்கிட்டு வந்து தன்ற சட்டையக் கழட்டி நந்தகோபாலு தொடையில இறுக்கிக் கட்டினான். அது அவன் கடமைங்க. அதுக்குத்தான அவன வெச்சிருக்கறது.

நைரோபி ஆஸ்பத்திரியில முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. மரகதத்துக்குக் கன்னத்துல மூணு தையலு. ஆனை மோதினதுல ஏதோ பட்டிருக்கும். எனக்கு ஒரு கீறலில்லை.

பெருந்துறை வந்துருச்சுங்களா? டீ சாப்புடறீங்களா? வேண்டாமா? மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சே உங்களுக்கு. பயப்படாதீங்க, எல்லாருக்கும் இப்படி ஆகாது. சொல்றதக் கேட்டு நடந்தா ஒண்ணும் ஆகாது.

அன்னிக்கே காட்டு ஆபீசரு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாரு, என்ன நடந்துச்சுன்னு எழுதிக்க. மச்சினன் மயக்கத்துல. மரகதத்துக்குத் தையலு போட்டுட்டு இருக்கறாங்க. முட்டீசோவ வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. நான் ஒருத்தன்தான் பேசற நெலமையில இருந்தேன். போர் வண்டியில நந்தகோபாலு கூட இருந்த ஒரு நாமக்கல்காரரு மொழிபெயர்த்தாரு. டிரைவரு வண்டிய ஆனைக்கு ரொம்பப் பக்கத்துல கொண்டு போயிட்டான், அதான் வந்து மோதுச்சுன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது? வெளிநாடு. போசியத் தட்டினேன்னு சொன்னாப் புடிச்சு உள்ள வெச்சுட்டான்னா? நம்ம பாசை தெரிஞ்சவன் ஒருத்தன் இருப்பானா ஜெயில்ல? முட்டீசோ லைசென்சப் புடுங்கிட்டாங்க. அது நான் பண்ணினதில்லை, அவிய சட்டம்.

மூணாவது நாள் அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். நெஞ்சச் சுத்திக் கட்டு. கையில ஒரு பையில ஆரஞ்சுப் பழம். வராண்டாவுல என்னப் பாத்து நின்னு ஏதோ கேட்டான். எனக்கு அந்த மூஞ்சியப் பாத்ததும், மச்சினன் காலு ஞாபகம் வந்துருச்சு. இவன் மட்டும் ரெண்டு காலுல நடந்து வர்றானேன்னு. உட்டேன் ஒண்ணு. கட்டு மேலயே உட்டேன். குனிஞ்சான், முதுகுல இன்னொண்ணு. திருப்பி அடிக்கல சார். சொவத்தப் புடிச்சுக்கிட்டு மூச்சு உட்டுட்டு நின்னான். "உங்க மச்சினன் எப்படி இருக்காருன்னுதாங்க கேட்டான்"னு நாமக்கல்காரரு அப்பறஞ் சொன்னாரு.

மரகதம் ரூம்பு வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்திருக்கறா. கன்னத்துல தையலோட. வந்து கீழ உருண்டிருந்த ஆரஞ்ச ஒவ்வொண்ணாப் பொறுக்கினா. அவங்கிட்டப் போய்க் கும்புட்டா. என்ற முன்னால, ஒரு டிரைவர! அன்னியில இருந்து எங்கிட்டப் பேச்சில்லை. ஊருக்கு வந்து, கோயமுத்தூரு ஏர்போர்ட்டுல இருந்தே தம்பி சக்கர நாற்காலியத் தள்ளிக்கிட்டுத் திருச்செங்கோட்டுக்குப் போயிட்டா.

என்ற மேல மச்சினனுக்கு வருத்தமில்லைங்க. நெசமா. போன் பண்ணினா எடுக்கறாரு, "சொல்லுங்க மாமா"ங்கறாரு. இவதான். நான் மன்னிப்புக் கேக்க வேண்டாமாம், நகை வேண்டாமாம், ஒண்ணும் வேண்டாமாம். ஒரே ஒரு காயிதம். அந்தக் காட்டு ஆபீசுக்கு நடந்தது நடந்தபடி எழுதி நான் கையெழுத்துப் போடோணுமாம். சாட்சி சொன்னவனே மாத்தி எழுதிக் குடுத்தாத்தான் அந்த முட்டீசோவுக்கு லைசென்சு திரும்பக் கெடைக்குமாம், இல்லாட்டி ஆனி மாசத்தோட டிரைவருங்க லிஸ்டுல இருந்து அவன் பேரையே எடுத்துருவாங்களாம். கையெழுத்துப் போட்ட காயிதத்தோட வந்தா அவ என்றகூட வருவா. இல்லாட்டி இல்லை. இவ புருசன் நானா அவனா?

காயிதத்த நந்தகோபாலத் தயார் பண்ணச் சொல்லி அனுப்பி வெச்சிருக்கறா. இந்தாங்க, பையிலதான் இருக்குது. இங்கிலீசு. எனக்கு அது தெரியாது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால என்ன எழுதியிருக்குதுன்னு தெரியோணுமல்லொ. ஊருல ஆருகிட்டயும் படிக்கக் குடுக்கல. ஊரு வாய மூட ஒலைமூடி கெடையாது. நீங்கன்னா இந்தப் பஸ்ஸோட உங்க வழியில போயிருவீங்க, நான் ஆரோ நீங்க ஆரோ. சித்தெ படிச்சுத் தமிழ்ல சொல்லுங்க சார். சத்தமா வேண்டாம், என்ற காதுக்குக் கேட்டாப் போதும்.

ம். என்ற பேரு, ஊரு. சரி. "வண்டி ஓட்டியவர் யானைக்கு நூறு அடி தள்ளியே நிறுத்தினார்." நூறா? நூத்தம்பதே இருக்கும். சரி, மேல படிங்க. "மூன்று தரம் அமைதியாக இருக்கச் சொன்னார்." சொன்னான், இல்லைங்கல. "நான் கேட்காமல் பாத்திரத்தைத் தட்டினேன்." தட்டினேன், இப்பத்தான உங்ககிட்டயே சொன்னேன். இதுல என்ன இருக்குது? இதுக்கா ஏழு மாசம் பயந்துட்டிருந்தேன்! போட்டுரலாம் சார் கையெழுத்து. அப்பறம்?

என்னுங்க நிறுத்திட்டீங்க? படிங்க.

என்னது?

இன்னொரு தரம் படிங்க.

"என் மனைவி மூடியைப் பிடுங்க வந்தபோது அந்த மூடியாலேயே அவளை முகத்தில் அடித்தேன். மறுபடி கை ஓங்கினேன். அதைத் தடுக்கத்தான் அவள் தம்பி எழுந்தான்."

இப்படியா எழுதியிருக்குது? அச்சடிச்சா?

சார், அது வந்து, அவ என்ற கையப் புடிச்சா. ஆனை எதுக்க நிக்கறப்ப ஒரு ஆம்பளை கையப் புடிக்கலாமா? உடுடீன்னு ஒண்ணு வெச்சேன். மூடி கையில இருந்தது என்ற தப்பா? ஓரம் கூரா இருந்துச்சு, பட்டுருச்சு. ரத்தத்தப் பாத்ததும் அந்தாளு எந்திரிச்சு என்ற கையப் புடிச்சாரு. நான் ஒதறினேன். தள்ளலைங்க. ஒதறறது வேற, தள்ளறது வேற. அவரு உழுந்தாரு. முப்பத்திரண்டு வருசத்துல நான் எத்தன தரம் கை வெச்சிருப்பேன், ஒரு தரமாச்சும் இவரு எந்திரிச்சிருக்கறாரா? பொங்கலுக்கு ஊட்டுக்கு வந்தப்ப, இவரு சாப்புட்டுட்டு இருக்கறப்பவே வெச்சிருக்கேன். தலையக் குனிஞ்சுட்டுச் சாப்புட்டாரு. அன்னிக்கு உக்காந்திருந்தவரு அங்க மட்டும் எதுக்குங்க எந்திரிக்கோணும்? மதம் புடிச்ச ஆனைய எதுக்க வெச்சுக்கிட்டு! டிரைவரு அத்தன தெளிவாச் சொல்லியிருக்கறான், வண்டிக்குள்ள எந்திரிக்கக்கூடாதுன்னு. உக்காந்திருந்தா இன்னிக்கு அந்தக் காலு இருந்திருக்குமல்லொ!

நான் அழுகலைங்க. ஜன்னல் காத்து.

அந்தாளு காலப் பத்தி எனக்கு வருத்தமில்லைன்னு நெனைக்கறீங்களா? கட்டைக் காலு மாட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் குச்சிய ஊணிக்கிட்டு வாசல்ல நிக்கறாரு சார். போன தரம் போனப்பப் பாத்தேன். போர் வண்டி மேல கொரங்காட்டம் ஏறுவாரு.

சார், ஒரு ஒதவி பண்ணுங்க. பேனா வெச்சிருக்கீங்களா? அந்த மூணு வரிய மட்டும் அடிச்சுருங்க. மீதி எல்லாம் இருக்கட்டும். ஆனையக் கெளப்பினது நாந்தான், ஒத்துக்கறேன். டிரைவரு மேல தப்பில்லை, ஒத்துக்கறேன். பொய் சொன்னேன், அதையும் ஒத்துக்கறேன். ஜெயில்ல போட்டாலும் போடட்டும். இது ஊட்டுக்குள்ள நடக்கறது. என்ற சம்சாரத்த நான் அடிச்சத எதுக்குக் கென்யாக்காரனுக்கு எழுதிக் குடுக்கோணும்? அங்க ஒரு ஆபீசரு இதப் படிச்சா என்னப் பத்தி என்ன நெனைப்பான்?

என்னுங்க அப்படிப் பாக்கறீங்க? நீங்க கை வெச்சதே இல்லையா? ஒரு தரங்கூட?

சரி. உங்களுக்கு அமைஞ்சவ அப்படி.

நீங்க அடிக்காட்டிப் பரவால்ல, எந்த வரின்னு வெரலையாச்சும் வெச்சுக் காட்டுங்க, நானே அடிச்சுக்கறேன். மாட்டீங்களா? காயிதத்துல ஒரு வரிய அடிச்சா உங்க பாவத்துலயா எழுதப் போறாங்க? குடுங்க இப்படி. எத்தன வரி இருக்குது இதுல. எல்லாம் எனக்கு ஒரே மாதிரித் தெரியுது.

காவேரிப் பாலம் தாண்டியாச்சு. மலை தெரியுது பாருங்க, வந்துருச்சு ஊரு. மாமனாரு ஊடு பஸ் ஸ்டேண்டுல இருந்து பத்து நிமிச நடைதான். போயிட்டு வாங்க சார், பத்தரமாப் போங்க. சம்சாரத்த நல்லாப் பாத்துக்குங்க.

உங்கள ஒண்ணும் கெஞ்ச வேண்டியதில்லை. நான் மரகதத்துகிட்டயே கேட்டுக்கறேன். வாசல்லயே நிக்க வெச்சாலும் நிக்கறேன். "ஏம் புள்ள, நான் உன்ன அடிச்சது இதுல எந்த வரின்னு காட்டு, அத மட்டும் அடிச்சுப்போட்டுக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்"னு கேட்டா, காட்டாமயா போயிருவா? வழி உடுங்க, எறங்கோணும். அவளுக்குத் தெரியாதுங்களா, எந்த வரின்னு.